விமானத்து மேல மை படாம

வியாவிசென்சியோ
8 ஜூன் 1970

ஆமாக்கா, விட்டுட்டேன். நீ கேட்டதுக்கு இதுதான் பதில், சுத்தி வளைக்க எனக்கு வராது. போகோத்தா விமான ஸ்கூல் அட்ரஸுக்கு நீ அனுப்பின பார்சல் "இந்தப் பெயரில் யாரும் இல்லை"ன்னு முத்திரை குத்தி நீ வேலை செய்யற மருந்துக்கடைக்கே திரும்பி வந்துச்சே, அது சரியான முத்திரைதான். மே பதினொண்ணுலேர்ந்து அந்தப் பேர்ல அங்க யாரும் இல்ல.

துரத்தல. நானாத்தான் வந்தேன். மூணு மாசமா விமான இன்ஜினப் பேப்பர்ல குறுக்க வெட்டி வெட்டி வரைஞ்சேன். ஒரு நட்டக்கூடத் தொட்டுப் பாக்கல. ஒருநாள் கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினாரு, நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன், மேல ஒண்ணு பறந்து போச்சு. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். அவ்வளவுதான் கதை.

இப்ப மலைக்குக் கீழ வியாவிசென்சியோவுல இருக்கேன். ரோடு இங்கயே முடிஞ்சு போகுது. அதுக்கு அந்தாண்ட வெறும் புல்வெளி, ஆறு, மாடு. உப்பு, சிமென்ட், பீர், கன்னுக்குட்டி, பிரசவத்துக்கு வந்த பொம்பள எல்லாம் பழைய டகோட்டா விமானத்துலதான் போகுது, வருது. ஏத்தி இறக்கறது நான். கேப்டன் ஒலார்த்தேன்னு ஒருத்தர், மெக்கானிக் லீவு போட்டா என்னத்தான் ஸ்பேனர் புடிக்கக் கூப்பிடறாரு. மூணு மாசத்துல கத்துக்காதத மூணு நாள்ல கத்துக்கிட்டேன். முதுகு மட்டும் யாரோடதோ மாதிரி இருக்கு.

அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரு முழுக்க "எம் பையன் விமான இன்ஜினியர்"னு சொல்லி வெச்சிருக்காரு. முப்பத்தொரு வருஷம் விமானத் தபாலுக்கு முத்திரை குத்தின மனுஷன் ஒருதடவகூட விமானம் ஏறினதில்ல. அவருகிட்டப் போய் நான் பாதியில இறங்கிட்டேன்னு எப்படிச் சொல்ல?

அதனால ஒரு ஏற்பாடு. அவருக்கு எழுதறத இன்னொரு கவருக்குள்ள வெச்சு போகோத்தாவுல கில்தார்தோவுக்கு அனுப்பறேன். அதான், என்கூட ரூம்ல இருந்த ரொட்டிக்கடைக்காரன். அவன் அங்க ஸ்டாம்பு ஒட்டிப் போட்டுடுவான், போகோத்தா முத்திரையோட வந்துடும். அப்பா எழுதறதையும் அவன்தான் இங்க திருப்பி விடறான். நீ நேரா இங்கயே எழுது. நான் உனக்கு மருந்துக்கடைக்கு எழுதறேன்.

நலம் விசாரிக்கறத மேலயே செஞ்சிருக்கணும். நீ சாப்பிடறியா? அப்பா முட்டி எப்படி? உன் எஃப்ராயின் இன்னும் வெள்ளிக்கிழமை மீனோட வராரா? அவர்கிட்டயும் உளறிடாத.

எவேலியோ


பர்ரான்கியா
21 ஜூன்

எவேலியோ,

நல்லா இருக்கேன், அதாவது நின்னுக்கிட்டு இருக்கேன். கடையில நின்னு, வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னாடி நின்னு, மத்தபடி ஒண்ணுமில்ல. நீ மூட்டை தூக்கறதுக்கா அந்த போகோத்தாக் குளிருக்குப் போன? இங்க துறைமுகத்துல மூட்டையே இல்லையா? சரி, திட்டக்கூட தெம்பு இல்ல. அடுத்த கடிதத்துல திட்டறேன்.

அப்பாகிட்டச் சொல்லிடுடா. நான் சொல்ல மாட்டேன், ஆனா பொய்க்குத் துணையாவும் நிக்க மாட்டேன். பேசாம இருப்பேன், அவ்வளவுதான்.

உன் ஏற்பாட்டுல ஒரு ஓட்டை இருக்கு. அவரு கடிதத்தயா படிக்கறாரு? கவரத்தானே படிக்கறாரு! நேத்து உன் கடிதம் வந்துச்சு. நான் உரக்கப் படிக்கறேன், பௌதிகத்துல எத்தன மார்க்கு, வாத்தியார் எப்படித் தட்டிக் கொடுத்தாருன்னு நீ அளந்து விட்டிருக்க. அவரு பூதக்கண்ணாடிய வெச்சுக் கவரையே பாத்துக்கிட்டிருக்காரு. படிச்சு முடிச்சதும், "ஸ்டாம்பு சாஞ்சிருக்கு"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "நாக்குல நக்கி ஒட்டியிருக்கான்"னாரு. அப்புறம் சாப்பிட வந்துட்டாரு.

மறந்துட்டியா? ஜெபம் சொல்லக் கத்துக்கறதுக்கு முன்னாடி நமக்கு இதத்தானே சொல்லிக் கொடுத்தாரு. நாக்கு படக்கூடாது, ஈரப் பஞ்சு. மேலயும் ஓரத்துலயும் ஒரு நக அகலம் விடணும். பெட்டியில போடக்கூடாது, கவுன்டர்ல கையில குடுக்கணும். மூலையில மெல்ல ஒரு முத்திரை குத்தச் சொல்லணும், ஸ்டாம்புல இருக்கற விமானத்து மேல மை படாம. பிப்ரவரி, மார்ச்சுல நீ அனுப்பினதெல்லாம் அப்படித்தான் வந்துச்சு. இப்ப அந்த ரொட்டிக்காரன் பிசைஞ்சு ஒட்டியிருக்கான்.

வெள்ளிக்கிழமை மீன் வந்துச்சு. தேங்காச் சோறு வடிச்சேன். எஃப்ராயின் உன்னக் கேட்டாரு, படிக்கறான்னு சொன்னேன். பாரு, நானும் ஆரம்பிச்சுட்டேன்.

உடம்பப் பாத்துக்க. முதுகுக்குக் கற்பூரத் தைலம் அனுப்பறேன்.

நூபியா


வியாவிசென்சியோ
9 ஜூலை

அக்கா, தைலம் வந்துச்சு. நல்லா எரியுது, அதனால வேலை செய்யுதுன்னு நெனைக்கறேன். உன் காலு எப்படி? கடையில ஒரு ஸ்டூல் போட்டு உக்காரு, மொதலாளி கேட்டா தம்பி சொன்னான்னு சொல்லு.

கில்தார்தோவுக்குத் திட்டி எழுதினேன். அவன் பதிலுக்கு, "ஒரு ஸ்டாம்ப நேரா ஒட்டறதுக்கு உங்கப்பன் என்ன அளவுகோல் வெச்சா பாப்பாரு?"ன்னான். ஆமாடான்னு எழுதினேன். அடுத்த தடவ அவன் பயந்து போய் கோந்து தடவி ஒட்டி, அது கவருக்கு வெளிய வழிஞ்சு, அவன் எதிர் வீட்டுக்காரங்க போடக் குடுத்த கடிதத்தோட ஒட்டிக்கிச்சாம். நம்ம கடிதம் வந்தா அதோட கூட ஒண்ணு ஒட்டியிருக்கும், அட்ரஸப் பாத்துத் திரும்பப் பெட்டியில போட்டுடு.

இனிமே நானே இங்க ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிடறேன். பஞ்சு, நக அகலம், எல்லாம். அவன் பெட்டியில போட்டாப் போதும். தீந்துச்சு பிரச்சன.

இங்க மழ. விமானம் எறங்கற எடத்துல மாடு நிக்குதுன்னு மேலயே ரெண்டு சுத்து சுத்தறாங்க. நேத்து மேலேர்ந்து பாத்தேன், என்னையும் கூட்டிட்டுப் போனாரு ஒலார்த்தே. அக்கா, அப்பாவோட ஸ்டாம்பு ஆல்பத்துல பல்கேரியா பலூன், ஹங்கேரி ஆகாயக் கப்பல், எவன் எந்த நாட்டுல மொத மொதல்ல பறந்தாலும் நம்ம வீட்டுல ஒரு பக்கம் கூடுமே, அதுல எதுலயும் இந்த நாத்தம் கிடையாது. பெட்ரோல், கன்னுக்குட்டி, வாந்தி. எனக்குப் புடிச்சிருக்கு. அத அவருகிட்டச் சொல்ல முடியலங்கறதுதான் ஒரே குறை.

வேலை முடிஞ்சா விழுந்துடறேன். அதான் தாமதம். எல்லாரும் நல்லா இருங்க.

எவேலியோ


பர்ரான்கியா
27 ஜூலை

எவேலியோ,

உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுக்குத்தான் அலுப்பு. உனக்கு எப்படி? உக்காந்து படி.

அப்பா போகோத்தா வராரு.

அக்டோபர் பத்தொன்பது, திங்கக்கிழமை. நம்ம ஆத்து மேல நீர்விமானத்துல தபால் போக ஆரம்பிச்சு ஐம்பது வருஷம் ஆகுதுன்னு நாலு ஸ்டாம்பு வெளியிடறாங்க. அங்க பெரிய தபால் ஆபீஸ்ல, காலைல எட்டு மணிக்கு, முதல் நாள் முத்திரையோட. அவரு கார்மென் மாதா திருநாளன்னிக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்து, "நானும் எவேலியோவும் வரிசையில நிப்போம்"னாரு. நான் தடுக்கறதுக்குள்ள டிக்கெட்டு எடுத்தாச்சு. விமானத்துலடா. அறுபத்தி மூணு வயசுல முதல் தடவ. பக்கத்து வீட்டுக் கம்பளிக் கோட்டக் கேட்டு வாங்கி, இந்த வெயில்ல போட்டுப் பாத்து, வேர்த்து ஊத்த ஊத்த உக்காந்திருக்காரு. கோட்டு முழுக்கப் பூச்சி உருண்ட வாசன.

ஸ்டாம்பு வாங்கினதும் உன் ஸ்கூலுக்கு வந்து இன்ஜின் கூடத்தப் பாக்கணுமாம்.

இப்ப என்ன பண்ணப் போற? நான் சொன்னதக் கேட்டிருக்கலாம்னு எழுதல. எழுதாமயே உனக்குத் தெரியும்.

எஃப்ராயினுக்கு எல்லைக்கு அந்தாண்ட மரகைபோவுல எண்ணெய்க் கம்பெனி வேலை கிடைக்கும் போல. அது கிடக்கட்டும். சளி புடிக்காமப் பாத்துக்க.

நூபியா


பர்ரான்கியா
22 ஆகஸ்ட்

எவேலியோவுக்கு அப்பா எழுதறது. இங்க ரெண்டு பேரும் சுகம். நீயும் அப்படியே இருக்கணும்னு கும்பிடறேன்.

உன் பதினொண்ணாம் தேதிக் கவர் வந்துச்சு. ஸ்டாம்பு நேரா இருக்கு, சந்தோஷம். முத்திரைதான் மெஷின் முத்திரை, அலை அலையாக் கோடு போட்டு விமானத்த மூழ்கடிச்சிடுச்சு. பரவாயில்ல, கவுன்டர்ல கூட்டமா இருந்திருக்கும்.

ஜன்னல் சீட்டு கேட்டிருக்கேன். ஆறு எந்தப் பக்கம் தெரியும்? போய்ட்டு வந்தவங்களக் கேட்டேன். ஒருத்தன் இடதுங்கறான், ஒருத்தன் வலதுங்கறான், ஒருத்தன் தூங்கிட்டேங்கறான். அவனுக்கெல்லாம் எதுக்கு ஜன்னல்? நீ விசாரிச்சு எழுது. காலமார், எல் பாங்கோ, புவேர்த்தோ பெர்ரியோ, இதெல்லாம் எனக்குத் தபால் பையில கட்டின அட்டையில எழுதற பேரு. ஊரா மேலேர்ந்து எப்படி இருக்கும்னு பாக்கணும்.

உன் இன்ஜின் கூடத்துல ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடுவேன். யாருக்கும் தொந்தரவு இருக்காது. உனக்குச் சௌகரியப்படாதுன்னா சொல்லு.

குளிருக்கு மார்ப மூடிக்கோ.

அன்புள்ள அப்பா
அனீபால் பெர்தூஸ்


வியாவிசென்சியோ
5 செப்டம்பர்

அக்கா, நீ நல்லா இருக்கியான்னு கேக்கற நெலமையில நான் இல்ல, ஆனாலும் கேக்கறேன்.

அப்பா கடிதம் வந்துச்சு. "சௌகரியப்படாதுன்னா சொல்லு"ன்னு எழுதியிருக்காரு. எப்படிச் சொல்றது? அதனால சௌகரியப்படுத்திட்டேன். கில்தார்தோகிட்ட ரொட்டி வாங்கற ஒருத்தியோட தம்பி அந்த ஸ்கூல்ல படிக்கறான். அவன் நீல ஓவரால் ஒண்ணு தருவான். வாட்ச்மேனுக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட்டு. திங்கக்கிழமை மத்தியானம் பதினஞ்சு நிமிஷம் கூடத்த திறந்து விடுவாங்க. நான் ஏதாவது ஒரு இன்ஜினத் தட்டி "இதுதான்ப்பா"ம்பேன், அவரு தலைய ஆட்டுவாரு, ஃபோட்டோ எடுத்து அனுப்பிடுவோம்.

அவருக்கு நாலு பக்கம் எழுதிட்டேன். வாத்தியார் எல்லாரும் அவரப் பாக்க ஆவலா இருக்காங்க, எத்தன மணிக்கு எங்க நிக்கணும், கெளம்பறதுக்கு முன்னாடி தந்தி குடுங்க, நேரா ஸ்கூலுக்குத் தனியா மட்டும் போயிடாதீங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். ஆறு வலது பக்கம்னு எழுதினேன். தெரியாது, சும்மா எழுதினேன்.

திட்டாத. திட்டறதுன்னா சுருக்கமாத் திட்டு. மரகைபோ விஷயம் என்னாச்சு, அத ஏன் பாதியில விட்ட?

எவேலியோ


பர்ரான்கியா
26 செப்டம்பர்

எவேலியோ,

சுகம்தான். பதில் போட மூணு வாரம் ஆயிடுச்சு, எழுத ஒண்ணும் தோணல.

அப்பா வரல. டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துட்டாரு. முட்டி வலியாம். விமானப் படிக்கட்டு ஏற முடியாதாம்.

உன் நாலு பக்கக் கடிதத்த என்னை ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு. ஒரு கடிதத்த அவரு ரெண்டு தடவ கேட்டது இதான் முதல் முறை. மறுநாள் காலைல குளிச்சு, சட்டை மாத்தி, டவுனுக்குப் போய் டிக்கெட்டத் திருப்பிட்டு வந்தாரு. கோட்டையும் துவைச்சு மடிச்சுப் பக்கத்து வீட்டுல குடுத்தாச்சு. நான் முட்டிக்குத் தைலம் தேச்சு விடறேன்னேன், வேணாம்னுட்டாரு.

உனக்குச் சொல்லச் சொன்னது இதுதான்: "அந்த நாலு ஸ்டாம்பும் ஒட்டி ஒரு கவர் அனுப்பட்டும். அவனுக்கு எந்த ஊர் தபால் ஆபீஸ் சௌகரியமோ அங்கேர்ந்து அனுப்பட்டும்." வெளியிடறது போகோத்தாவுலதானப்பான்னேன். ஆமா ஆமான்னாரு.

நீ தப்பிச்ச. நல்லாத் தூங்கு.

எஃப்ராயின் போன செவ்வாய்க்கிழமை மரகைபோவுக்குக் கெளம்பிட்டாரு. வெள்ளிக்கிழமை இனி அவிச்ச யூக்கா கிழங்குதான்.

நூபியா


வியாவிசென்சியோ
6 அக்டோபர்

அக்கா, நல்லா இருக்கியான்னு இந்தத் தடவ உண்மையாவே கேக்கறேன். எஃப்ராயின் போனத மீன் வராத கணக்குல எழுதியிருக்க. என்ன நடந்துச்சு? அவரு உன்னக் கூட வரச் சொல்லிக் கேட்டாரா, நீ போகலன்னியா?

அப்பா வரலன்னு படிச்சதும் மூட்டை மேல உக்காந்து சிரிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "எந்த ஊர் தபால் ஆபீஸ்"னு அவரு சொன்னதப் பெருசா எடுத்துக்காத, வயசாச்சு, கொழப்பிக்கறாரு.

கவர கில்தார்தோகிட்ட விட மாட்டேன். நானே போறேன். மலை ரோட்டுல மண்ணு சரிஞ்சு லாரியெல்லாம் நிக்குது, ரெண்டு நாள் முன்னாடியே கெளம்பிடறேன். முட்டியப் பத்தி டாக்டர்கிட்டக் கேளு.

எவேலியோ


போகோத்தா
19 அக்டோபர்

அக்கா, இத தபால் ஆபீஸ் படியிலயே உக்காந்து எழுதறேன். கை வெறைக்குது, உடம்பு பரவாயில்ல. உனக்கு எப்படின்னு எழுது.

சனிக்கிழமை கெளம்பி, மண்ணு சரிஞ்ச எடத்துல எறங்கி நடந்து, வேற லாரி புடிச்சு வந்தேன். காலைல ஆறரைக்கே வரிசையில இருவது பேரு. எல்லாம் கோட்டுப் போட்ட கெழவனுங்க, பாக்கெட்டுல ஸ்டாம்பு எடுக்கற சாமணம், கண்ணாடிக் காகிதம். எனக்கு முன்னாடி நின்னவரு என் பூட்ஸ்ல சேறு பாத்துட்டு, "தம்பி, இது வேலைக்கு ஆள் எடுக்கற வரிசை இல்ல"ன்னாரு. ஈரப் பஞ்ச எடுத்துக் காட்டினேன். அதுக்கப்புறம் என்னய அவங்க ஆளாச் சேத்துக்கிட்டாங்க. அவரு வெல்லத்தண்ணி வாங்கிக் கொடுத்து, யாருக்குன்னு கேட்டாரு. அப்பாவுக்குன்னேன். ஏன் அவரு வரலன்னாரு. முட்டின்னேன். "முட்டியா? நான் ரெண்டு குச்சி ஊனி வந்திருக்கேன் பாரு"ன்னு காட்டினாரு. எனக்கு மூஞ்சி எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

நாலு ஸ்டாம்பும் அழகு. ஒண்ணுல நீர்விமானம் தண்ணிய விட்டு எழும்பற நேரம், கீழ ஒரு தோணி, அதுல ஒருத்தன் தொப்பியக் கழட்டிக்கிட்டு அண்ணாந்து பாக்கறான். நானே ஒட்டினேன். நானே கவுன்டர்ல குடுத்தேன். மூலையில மெல்லன்னேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே நாலு மூலையும் சேர்ற எடத்துல ஒரே குத்து. ஒரு விமானத்து மேலயும் மை படல.

உள்ள வழக்கம்போலப் பரிட்சை, மார்க்கு எல்லாம் எழுதியிருக்கேன். எழுதும்போது கை ஓடவே இல்ல.

அந்த நீர்விமான ஸ்டாம்புல இன்னொண்ணு தனியா வாங்கி பாக்கெட்டுல வெச்சிருக்கேன். எதுக்குன்னு தெரியல.

எவேலியோ


பர்ரான்கியா
3 நவம்பர்

எவேலியோ,

எங்களுக்கு ஒண்ணுமில்ல. நீ எப்படி இருக்க? இத வேலை நேரத்துல படிக்காத.

கவர் வந்துச்சு. அப்பா ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தாரு. பூதக்கண்ணாடிய எடுக்கக்கூட இல்ல. கடிதத்தப் பிரிச்சுப் படிக்கட்டுமான்னேன். வேணாம், இருக்கட்டும்னுட்டாரு.

மழையில ஆல்பமெல்லாம் ஈரம் பூத்துடும்னு ஞாயித்துக்கிழமை எடுத்துக் காத்தாட வெச்சேன். அவரு வீட்டுல இல்ல. அந்தப் பச்சை ஆல்பத்துல நீ அனுப்பின கவர் எல்லாத்தையும் தேதி வரிசையில வெச்சிருக்காரு. ஒவ்வொண்ணுக்கும் கீழ பென்சில்ல அவரு கையெழுத்து. பிப்ரவரிலேர்ந்து மே ஆரம்பம் வரைக்கும், "எவேலியோ." மே கடைசியில, "வேற கை." ஜூன்ல நாலு கவர், நாலுலயும் "வேற கை." ஜூலைலேர்ந்து நீயே ஒட்டி அனுப்பினியே, அதுக்குக் கீழ, "ஒட்டினது அவன் கை. கவுன்டருக்குப் போனது அவன் கால் இல்ல. அவன் போகோத்தாவுல இல்ல."

அக்டோபர் பத்தொன்பதுக்குக் கீழ, "கையும் அவனுது. காலும் அவனுது."

ஆல்பத்தோடயே தரையில உக்காந்துட்டேன். அவரு வந்தாரு. எங்க போனீங்கன்னேன். சோலேதாத் விமான நிலையத்துக்காம். பஸ்ஸ விட்டு எறங்கி, வேலி ஓரமா அரை மணி நேரம் நடந்து, விமானம் மேல எழும்பறத நின்னு பாத்துட்டு வராராம். எல்லா ஞாயித்துக்கிழமையும். மாதா கோயில்ல உக்காந்திருக்காருன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். முட்டிக்கு ஒரு கேடும் இல்லடா அவருக்கு.

தெரிஞ்சும் ஏம்ப்பா கேக்கலன்னேன்.

"முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தேன்"னாரு. "ஒட்டின கவரப் பிரிக்கற உரிமை எனக்கு இல்ல. யாருக்கு எழுதினதோ அவங்கதான் பிரிக்கணும், இல்ல எழுதினவன் வாயால சொல்லணும்."

அப்ப டிக்கெட்டு?

"நாலு பக்கம் எழுதியிருந்தான். எங்க நிக்கணும், எப்ப வரணும்னு. அவ்வளவு கஷ்டப்பட்டு அவன் என்னை ஏமாத்தணுமா? நான் வராம இருந்துட்டா ரெண்டு பேருக்கும் சுலபம்."

அப்புறம் சாப்பிட வந்துட்டாரு.

எஃப்ராயினப் பத்திக் கேட்டிருந்த. கேட்டாரு. அப்பாவ யாரு பாத்துக்கறதுன்னு சொல்லிட்டேன். உன்னக் கொறை சொல்றதுக்கு எழுதல, நீ கேட்டதால எழுதறேன்.

நூபியா


வியாவிசென்சியோ
24 நவம்பர்

அப்பா,

மொதல்ல இடது பக்கம், புவேர்த்தோ பெர்ரியோ தாண்டினதும் வலது பக்கம். ஆகஸ்ட்ல கேட்டீங்களே ஆறு எங்க தெரியும்னு, அதுக்குத்தான். அதனாலதான் ஒருத்தன் இடதுன்னான், ஒருத்தன் வலதுன்னான். ரெண்டு பேரும் பொய் சொல்லல. வலதுன்னு மட்டும் எழுதினேனே, நான்தான் பொய் சொன்னேன். இப்ப கேப்டன் ஒலார்த்தேகிட்ட மேப்ப விரிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன்.

உங்க முட்டி நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டேன். எனக்கும் சுகம்.

அக்கா கடிதம் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. நாலு தடவ எழுதி நாலு தடவ கிழிச்சேன். இந்தக் கவர்ல வியாவிசென்சியோ முத்திரை இருக்கும். கில்தார்தோ இல்ல, வேற கவர் இல்ல. இங்க கவுன்டர்ல இருக்கறவன் முத்திரைய ஓங்கித்தான் குத்துவான், கையப் புடிச்சு மூலையில குத்த வெச்சேன். ஸ்டாம்பு அந்த நீர்விமானம், தோணியில ஒருத்தன் தொப்பியக் கழட்டினதுதான். அன்னிக்கு ஒண்ணு கூட வாங்கி வெச்சிருந்தேன், இதுக்குத்தான்னு இப்பத் தெரியுது.

கவர ஒட்டாம முத்திரைய மட்டும் அடிச்சு என் கையிலயே வாங்கிக்கிட்டேன். டகோட்டாவோட இன்ஜினுக்குக் கெடு முடிஞ்சு போச்சு, மாத்தற பட்டறை பர்ரான்கியாவுலதான் இருக்கு. இன்னிக்கு அத ஓட்டிட்டு வர்றோம். என் சட்டைப் பையில இந்தக் கவரும் பறந்து வருது. எறங்கினதும் உங்க பழைய ஆபீஸுக்குப் போய், கவரோட பின்பக்கத்துல வந்து சேர்ந்த தேதி முத்திரையும் வாங்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். ரெண்டு பக்கமும் நீங்களே பாத்துக்கங்க. பிரிக்க வேணாம். உள்ள இருக்கறத நானே வாயால சொல்றேன்.

இன்ஜின் மாத்திப் பத்து நாள் கழிச்சு விமானம் காலியாத் திரும்பும். கேப்டன்கிட்டக் கேட்டுட்டேன். சீட்டுன்னு ஒண்ணும் கிடையாது, பக்கவாட்டுல பெஞ்சு. இடது பக்க ஜன்னல்லேர்ந்து வலது பக்க ஜன்னலுக்கு நீங்க எத்தன தடவ வேணும்னாலும் போகலாம், யாரும் கேக்க மாட்டாங்க. காலமார் வந்தா சொல்லச் சொல்லியிருக்கேன். இங்க வந்து என்கூட இருங்க. இன்ஜின் கூடம் இல்ல, தகரக் கொட்டாய்தான், ஆனா இன்ஜினத் தொட்டுப் பாக்கலாம். கோட்டு வேணாம், இங்க குளிராது.

அக்காகிட்ட மரகைபோ அட்ரஸத் தொலைக்க வேணாம்னு சொல்லணும். அதையும் வந்து சொல்றேன்.

கன்னுக்குட்டியெல்லாம் எறக்கிட்டாங்க, இடது இன்ஜின் சுத்த ஆரம்பிச்சாச்சு, ஒலார்த்தே ஜன்னல்லேர்ந்து கெட்ட வார்த்தையில கூப்பிடறாரு. நான் இப்பப் போகணும்ப்பா.